பதினெட்டுக் கிலோ கொழுந்து

அந்த ஸ்லைட்டை நான் இன்னும் அழிக்கவில்லை. கரும்பச்சைப் பின்னணியில் இடமிருந்து வலமாக ஏறிச் செல்லும் பன்னிரண்டு பொன்னிறத் தூண்கள். முதல் தூணின் தலையில், மாத வருமானம் 22.5 இலட்சம் ரூபாய் என்று அழகான ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறது. அங்கே இருந்திருக்க வேண்டிய தொகை 5 இலட்சம். தவறைச் செய்தது ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி. ஆனால் அதைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அச்சிட்டு, ஒரு பெண்ணின் கையில் கொடுத்து வங்கிக்கு அழைத்துச் சென்றவன் நான். ஆகையால் நடந்ததை எழுதி வைக்க வேண்டிய பொறுப்பும் எனக்கு இருக்கிறது.

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பண்டாரவளையில் ஒரு சிறிய அலுவலகம் வைத்திருக்கிறேன். சிறு வியாபாரிகளின் கணக்கைப் பார்ப்பது, வரிப் படிவம் நிரப்புவது, மூன்று மொழிகளிலும் கடிதம் எழுதிக் கொடுப்பது, கடன் விண்ணப்பம் தயாரிப்பது ஆகியவையே என் தொழில். முன்பெல்லாம் கடன் கேட்டுப் போகிறவர் படிவத்தையும் காணி உறுதியின் பிரதியையும் கொண்டு போனால் போதுமாக இருந்தது. இப்போது வங்கியானாலும் சரி, தொழில் மானியம் தரும் திட்டமானாலும் சரி, கொழும்பிலிருந்து வரும் கொள்வனவாளரானாலும் சரி, முதலில் கேட்பது ஒரு பிரசன்டேஷனை, அதாவது ஸ்லைட்டுகளாலான ஒரு முன்வைப்பைத்தான். மரக்கறித் தோட்டம் செய்பவரும் விருந்தினர் விடுதி நடத்துபவரும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு என் படியேறி வருகிறார்கள்.

ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து வந்த அக்காவும் அப்படித்தான் வந்தார். குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலைக் காணி வாங்கியவர் அவர். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, கொழுந்து வரத்து விழுந்த மாதங்களில், கிடைக்கிற கொஞ்சத்தையும் தொழிற்சாலைக்குக் கொடுப்பதை விட நாமே பக்குவப்படுத்திப் பார்ப்போமே என்று தொடங்கி, வீட்டுப் பின்புறத்திலேயே கையால் தேயிலை செய்யப் பழகிக்கொண்டார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்து எடுத்த கொழுந்தை வாட வைத்து, உள்ளங்கையால் உருட்டி, நிறம் மாறும் வரை பரப்பி வைத்து, பிறகு உலர்த்தி எடுக்கும் வேலை. பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவில் விடுதி நடத்தும் சிலர் அதைக் கிலோ 5,000 ரூபாய்க்கு வாங்கத் தொடங்கியதும், சிறிய உருட்டும் இயந்திரம் ஒன்றும் உலர்த்தி ஒன்றும் வாங்குவதற்கு 12 இலட்சம் ரூபாய் கடன் கேட்க முடிவு செய்தார்.

நான் அந்தக் காலத்தில் இந்தக் கருவிகளில் மிகுந்த உற்சாகமாக இருந்தேன். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக எல்லோரும் ஸ்லைட் செய்யும் வேலைக்குள் இறங்கிவிட்டார்கள். மைக்ரோசொஃப்ட் தன் கோபைலட்டைப் பவர்பொயின்டுக்குள் வைத்தது. கூகுள் ஜெமினியை ஸ்லைட்ஸுக்குள் வைத்தது. கென்வா, காமா போன்ற இணையச் சேவைகளில் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால் தலைப்பும் படமும் நிறமும் சேர்ந்த முழுத் தொகுப்பும் சில நிமிடங்களில் வந்து நிற்கிறது. 1987 இல் பவர்பொயின்ட் வெளிவந்த நாளிலிருந்து ஒரு மனிதன் உட்கார்ந்து இழுத்து, ஒட்டி, நிமிர்த்தி, நேராக்கிச் செய்த வேலை அது. ஒரு ஸ்லைட்டில் பெட்டிகளை ஒரே கோட்டில் கொண்டுவர நான் செலவழித்த இரவுகளை எண்ணிப் பார்த்தால், இந்த மாற்றத்தைச் சிறியதென்று என்னால் சொல்ல முடியாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் முதலில் எழும் கேள்வி அதுதான். கட்டணச் சேவைகளில் பரவலாக அறியப்பட்ட ஒன்று மாதம் 20 டொலர். நம் பணத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய். 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது நாலு நாள் உழைப்புக்கும் மேலான தொகை. இலவசமாகக் கிடைக்கும் அளவு, மாதத்துக்கு இரண்டு மூன்று முன்வைப்புகள் செய்பவருக்குப் போதும். ஒரு குறை மட்டும் உண்டு: தமிழ் எழுத்தை இந்த மாதிரிகள் ஆங்கிலத்தை விட அதிகத் துண்டுகளாக உடைத்தே வாசிக்கின்றன, ஆகையால் தமிழில் எழுதுபவருக்கு இலவச அளவு விரைவில் தீர்ந்துவிடுகிறது.

அக்கா என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். அவர் சொன்னதைத் தமிழில் அப்படியே தட்டச்சு செய்து கருவிக்குக் கொடுத்தேன். பதினான்கு ஸ்லைட்டுகள் வந்தன. திரையைப் பார்த்த அக்கா, ‘இது நம்ம தேயிலையா தம்பி?’ என்று கேட்டபோது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் மறக்கமாட்டேன்.

அந்தத் தொகுப்பை நான் வாசிக்காமல் விடவில்லை. முதலாவது ஸ்லைட், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட வரலாற்றோடு தொடங்கியது. அது உண்மையான செய்திதான். இலங்கைத் தேயிலை என்று எதைக் கேட்டாலும் கருவி அங்கிருந்தே தொடங்குகிறது, அந்தக் கதையில் கொழுந்து எடுத்தவர்கள் மட்டும் வருவதேயில்லை. அதை நீக்கினேன். நான்காவது ஸ்லைட்டில், ஊவாத் தேயிலையின் சிறந்த பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை என்று இருந்தது. அது திம்புள்ளைக்கும் நுவரெலியாவுக்கும் உரிய பருவம். எங்கள் ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை; தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிட, இந்தப் பக்கம் வரண்ட காற்று மட்டும் இறங்கி வந்து கொழுந்தைச் சுண்ட வைக்கும் மாதங்கள் அவை, ஊவாவின் பேர்பெற்ற மணமும் அந்த மாதங்களிலேயே வருகிறது. திருத்தினேன். ஆறாவது ஸ்லைட்டில், ‘இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் பெற்ற’ என்று ஒரு வரி இருந்தது. அக்கா உரத்தடைக் காலத்தில் உரமில்லாமல் செய்தார் என்று நான் எழுதியதிலிருந்து, இல்லாத ஒரு சான்றிதழைக் கருவி தானாகவே கொடுத்துவிட்டது. அதையும் எடுத்தேன். பொதியின் மாதிரிப் படத்தில் வாள் ஏந்திய சிங்கம் ஒன்று நின்றது. சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது, சபையின் அனுமதியின்றி எவரும் பயன்படுத்த முடியாது. அதையும் நீக்கினேன்.

நாலு இடங்களைத் திருத்திய பிறகு எனக்குள் ஒரு திருப்தி வந்துவிட்டது. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டோம் என்ற அந்தத் திருப்தியில், ஒன்பதாவது ஸ்லைட்டில் இருந்த பொன்னிறத் தூண்களை நான் வாசிக்கவில்லை, பார்த்து ரசித்தேன்.

வங்கியில் எங்களைச் சந்தித்த கடன் பிரிவு அதிகாரி சிங்களவர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரின் மகன் என்பது பிறகு பேச்சில் தெரிந்தது. எட்டு ஸ்லைட்டுகளை ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒன்பதாவதில் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒரு நாளைக்கு 18 கிலோ தேயிலை செய்வதென்றால் 81 கிலோ கொழுந்து வேண்டுமே, ஒன்றரை ஏக்கரில் அது எங்கிருந்து வரும் என்று கேட்டார். அக்கா, அதிகாரிக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, ‘18 கிலோ கொழுந்து, சேர்’ என்று மரியாதையாகத் திருத்தினார். ‘அப்படியானால் இது என்ன?’ என்று அவர் அந்தத் தூணைக் காட்டினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. அக்காவின் 18 கிலோ கொழுந்தில் ஒரு நாளைக்கு 4 கிலோ தூள் வரும். கிலோ 5,000 ரூபாய் வீதம் ஒரு நாளைக்கு 20,000. மாதம் 25 நாளுக்கு 5 இலட்சம். கருவி செய்தது என்னவென்றால், 18 ஐ நேரே 5,000 ஆல் பெருக்கி, 25 ஆல் பெருக்கி, 22.5 இலட்சம் என்று தூண் நட்டது.

என் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு நின்ற மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. தராசில் கூடையைத் தூக்கி மாட்டும்போது, முழுப் பேர் விழுமா, அதாவது முழு நாட்சம்பளம் கிடைக்குமா, அரைப் பேராகப் போகுமா என்று எல்லாப் பெண்களும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 18 கிலோ என்பது ஒரு பெண் காலையிலிருந்து முதுகில் சுமந்து சேர்த்த ஒரு நாள் கொழுந்து என்பது என் உடம்புக்குத் தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட எனக்கு, அந்த எண் ஒரு நல்ல வரைபடத்தின் தலையில் ஏறி உட்கார்ந்ததும் விளங்காமல் போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தியத்தலாவை தாண்டியபோது, ‘பொய் சொன்ன மாதிரி ஆயிருச்சே தம்பி’ என்றார்.

அன்றிரவு அந்தத் தொகுப்பைத் தொடக்கத்திலிருந்து திறந்து, தவறு எங்கே பிறந்தது என்று தேடினேன். நான் தட்டச்சு செய்த தமிழில் தவறில்லை. ‘ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து’ என்றே இருந்தது. அதை ஆங்கிலமாக்கியபோது கொழுந்தும் ‘டீ’ ஆகிவிட்டது, தேயிலைத்தூளும் ‘டீ’ ஆகிவிட்டது. செடிக்கும் இலைக்கும் தூளுக்கும் கோப்பையில் இருப்பதற்கும் ஆங்கிலத்தில் பொதுப்பேச்சில் அந்த ஒரு சொல்லே போதும். தொழில் தெரிந்தவர்கள் ஆங்கிலத்திலும் ‘கிரீன் லீஃப்’ என்றும் ‘மேட் டீ’ என்றும் பிரித்துத்தான் பேசுவார்கள். ஆனால் நான் பிரித்துச் சொல்லாதபோது கருவி பொதுப்பேச்சையே எடுத்துக்கொண்டது. தமிழில் இரண்டு சொல்லாக இருந்த வேறுபாடு மொழிபெயர்ப்பில் கரைந்து, கணக்கில் 17.5 இலட்சமாக முளைத்துவிட்டது.

இந்தக் கருவிகள் வேலை செய்யும் விதத்தை நினைத்தால் இதில் வியப்பில்லை. அவை அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து எழுதுகின்றன. வணிக முன்வைப்பு என்றால் அதில் ஏறும் தூண்கள் இருக்கும், சந்தை பெரிதென்று ஒரு வரி இருக்கும், சான்றிதழ் இருக்கும் என்பதை ஆயிரக்கணக்கான மாதிரிகளிலிருந்து அவை கற்றிருக்கின்றன. நாம் கொடுக்காத இடத்தை வெற்றிடமாக விடாமல், அங்கே வழக்கமாக எது இருக்குமோ அதைக் கொண்டு நிரப்பிவிடுகின்றன. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் நிரப்பப்பட்ட வரியும் நாம் சொன்ன வரியும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் வந்து நிற்பதால், எது யாருடையது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. கையால் ஸ்லைட் செய்த காலத்தில் ஒவ்வோர் எண்ணும் என் விரல் வழியாகப் போனது. தட்டும்போதே சில தவறுகள் விரலில் தட்டுப்படும். இப்போது அந்த வாய்ப்பு இல்லை.

அழகான ஸ்லைட் ஆபத்தை மறைப்பது இந்தக் கருவிகளோடு வந்த நோயும் அல்ல. 2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏழு பேரோடு சிதறிய பிறகு, விசாரணைச் சபை தன் அறிக்கையில், விண்ணோடம் பறந்துகொண்டிருந்தபோதே பொறியியலாளர்கள் தயாரித்த ஒரு பவர்பொயின்ட் ஸ்லைட்டை எடுத்துக் குறை கூறியது. இறக்கையின் சேதம் உயிராபத்தானது என்பதை அந்த ஸ்லைட்டை வாசிக்கும் ஒரு மேலதிகாரி உணராமல் போவது எளிது என்பது சபையின் முடிவு. எங்கள் 12 இலட்சம் கடனுக்கும் அதற்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும் அதை வாசித்த அன்று, என் பொன்னிறத் தூண்களை நான் வேறு கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் அன்றிரவு விளங்கியது. தொகுப்பின் அமைப்பே எங்களுக்கு உரியதாக இருக்கவில்லை. பிரச்சினை, தீர்வு, சந்தையின் அளவு, போட்டியாளர், குழு, ஐந்தாண்டு வளர்ச்சி என்று போன அந்த வரிசை, அமெரிக்காவில் புதிய நிறுவனங்கள் முதலீட்டாளரிடம் பணம் கேட்கும்போது பின்பற்றும் வரிசை. அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாகி சொன்ன பத்து ஸ்லைட், இருபது நிமிடம், முப்பது அளவு எழுத்து என்ற புகழ்பெற்ற விதியும் அப்படிப்பட்ட முதலீட்டாளர் சபைக்காகச் சொல்லப்பட்டதுதான். முதலீட்டாளர் கேட்பது, இந்தத் தொழில் எவ்வளவு பெரிதாக வளரும் என்பது. வங்கி கேட்பது அதுவல்ல. மழை மாதத்திலும் தவணையைக் கட்டுவீர்களா, காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது, இயந்திரம் பழுதானால் என்ன செய்வீர்கள் என்பவையே அதன் கேள்விகள். கருவிக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று நான் சொல்லவேயில்லை. அது தனக்குத் தெரிந்த ஆளை அங்கே உட்கார வைத்துக்கொண்டது.

இரண்டாவது முறை தொடங்கியபோது கணினியைத் திறக்கவில்லை. ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, அக்காவைக் கேட்டுக் கேட்டு எண்களை எழுதினோம்: எந்த மாதம் எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை கிலோ தூள், விறகுக்கு எவ்வளவு, பொதிக்கு எவ்வளவு, எல்லவுக்குக் கொண்டு போக எவ்வளவு. அவை எக்செலுக்குப் போயின. கூட்டலும் பெருக்கலும் எக்செலில் மட்டும். ஸ்லைட் செய்யும் கருவி ஓர் எண்ணையும் உருவாக்கக் கூடாது, கொடுத்த எண்ணை மாற்றவும் கூடாது என்பதைக் கட்டளையின் முதல் வரியாக எழுதுகிறேன். அதற்குக் கீழே ஒரு சிறு சொற்பட்டியல்: கொழுந்து என்றால் கிரீன் லீஃப், தேயிலைத்தூள் என்றால் மேட் டீ, இரண்டையும் ‘டீ’ என்று எழுதாதே. மரக்கறிக்காரர் வந்தால் அவருக்கு வேறு பட்டியல். லீக்ஸைக் கட்டில் சொல்கிறாரா கிலோவில் சொல்கிறாரா என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்கிறேன். நமக்குத் தெரியாத இடத்தை நிரப்பாமல், ‘தகவல் இல்லை’ என்று சிவப்பில் எழுது என்பது மூன்றாவது வரி. இந்த ஒரு வரியால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது.

தேசிய அடையாள அட்டை எண், வங்கிக் கணக்குக் கூற்று, உறுதியின் பிரதி ஆகிய எதையும் இந்தக் கருவிகளுக்குள் ஏற்றுவதில்லை. நாம் எழுதுவதைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அணைத்து வைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளின் அமைப்புப் பகுதியில் இருக்கிறது. அதை அணைத்த பிறகும் அவற்றை ஏற்றுவதில்லை. நம்பிக் கொடுத்த காகிதங்கள் அவை.

பழைய தமிழ் ஆவணங்களிலும் கவனம் வேண்டும். அக்கா ஒரு பயிற்சி வகுப்பில் கிடைத்த கையேட்டைப் பிடிஎஃப் ஆகக் கொண்டு வந்திருந்தார். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. நம் கண்ணுக்கு அது தெளிவான தமிழ். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லே கருவியிடம் போய்ச் சேரும்போது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். இதை வாசிக்க முடியவில்லை என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பயன்படுத்திய கருவி, அந்தக் கையேட்டில் இல்லாத ஆறு குறிப்புகளைச் சுருக்கமாகத் தந்தது. இப்போது எந்த ஆவணமானாலும் ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டிப் பார்க்கிறேன். தமிழாக வந்தால் அது யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டில் இருக்கிறது, இல்லையென்றால் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருவிகளால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் ஸ்லைட்டில் இல்லை. கருவியை எங்களிடம் கேள்வி கேட்க வைத்ததில் இருக்கிறது. கொப்பியில் இருந்த கணக்கைக் கொடுத்து, இப்படி எழுதினேன்: ‘நீங்கள் ஊவா மாகாணத்தில் ஒரு வங்கியின் கடன் அதிகாரி. இந்தத் திட்டத்துக்கு 12 இலட்சம் கேட்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதிலில் எண் இல்லாவிட்டால் மறுபடியும் கேளுங்கள். பாராட்ட வேண்டாம்.’ கேள்விகளை நான் உரக்க வாசிக்க, அக்கா பதில் சொன்னார். இருபத்து மூன்று கேள்விகள் வந்தன. பதினான்குக்கு அக்காவிடம் உடனே பதில் இருந்தது. ஒன்பதுக்கு இல்லை. அந்த ஒன்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனார். விறகு விற்பவரிடமும், கணவரிடமும், பக்கத்துக் காணிக்காரர் இருவரிடமும் பேசி, பத்து நாள் கழித்துப் பதில்களோடு வந்தார்.

அந்த ஒன்பதில் ஒன்று, வெளிநாட்டுப் பயணிகள் வராவிட்டால் யாரிடம் விற்பீர்கள் என்பது. கேட்டவுடன் எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல், அடுத்த வருடம் கொரோனா, 2022 இல் பொருளாதார நெருக்கடி என்று நாலு வருடத்துக்குள் மூன்று முறை எல்லவின் விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்ததை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். அப்படியிருந்தும் முதல் தொகுப்பின் பதினான்கு ஸ்லைட்டில் ஒன்றிலும் அதைப் பற்றி ஒரு வரி இருக்கவில்லை. அக்கா கொண்டு வந்த பதில் எளிமையானது: விடுதிகள் வாங்காத மாதத்தில் கையால் செய்வதை நிறுத்திவிட்டு, கொழுந்தை முன்பு போலத் தொழிற்சாலைக்கே கொடுப்பது, அந்த வருமானத்தில் தவணையின் எவ்வளவு பகுதியைக் கட்ட முடியும், மீதிக்கு எவ்வளவு சேமிப்பு வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கின்படி 12 இலட்சம் அவருக்குப் பாரம் என்பது தெரிந்தது. உலர்த்தியை ஒரு வருடம் பிந்தி வாங்கலாம் என்று அவரே தீர்மானித்து, கேட்கும் தொகையை 8 இலட்சமாகக் குறைத்தார்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் தொழிலைத் தமிழில் யோசிக்கிறார்கள். காகிதம் ஆங்கிலத்தில் போகிறது. அதிகாரியோடு பேச்சு சிங்களத்தில் நடக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பாலமாக நிற்பது இந்தக் கருவிகள் செய்யும் பெரிய உதவி, அதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் முதல் தொகுப்பின் ஆங்கிலம், அக்காவால் வாய்விட்டு வாசிக்க முடியாத ஆங்கிலமாக இருந்தது. தான் சொல்ல முடியாத சொல்லுக்கு முன்னால் நிற்பவர், அதைப் பற்றிய கேள்வி வந்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டே நிற்கிறார். இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம்: ஸ்லைட்டில் ஆங்கிலம் ஒரு வரிக்கு ஆறேழு சொல்லுக்கு மேல் இல்லை, கடினமான சொல் இருந்தால் எளிய சொல் கேட்டு வாங்குகிறேன், பேசுபவர் பார்க்கும் குறிப்புப் பகுதி முழுவதும் தமிழில், அவர் பேசுகிற மாதிரியே. சிங்களத்தில் ஒரு பக்கச் சுருக்கம் செய்து, பக்கத்துக் கடை நண்பரிடம் வாசிக்கக் கொடுத்தேன். பிழை இல்லை, ஆனால் வானொலிச் செய்தி கேட்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, இரண்டு இடத்தில் பேச்சுக்கு நெருக்கமாக மாற்றிக் கொடுத்தார்.

படங்களுக்குக் கருவியிடம் போவதை முற்றாக நிறுத்திவிட்டேன். இலங்கையில் கொழுந்து எடுக்கும் பெண் என்று கேட்டபோது, கூம்புத் தொப்பி அணிந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டு, கையில் சிறிய கூடையோடு நின்றாள். இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குத் துணி இல்லை, கூடைக் கயிறு தலையில் இல்லை. பின்னால் இருந்த பலகையில் தமிழ் எழுத்துப் போலத் தோன்றும் ஏதோ சுழிகள். அக்கா தன் போனில் எடுத்த படம் அதை விட ஆயிரம் மடங்கு மேல்: ஒரு பக்கம் தராசில் 18 கிலோ காட்டும் கொழுந்துச் சாக்கு, அதே தராசில், மறுநாள், அந்தக் கொழுந்திலிருந்து வந்த 4 கிலோ தூள். இரண்டு படங்களையும் அக்கம்பக்கமாக வைத்து முதல் ஸ்லைட் ஆக்கினோம். அதில் வேறு எழுத்து எதுவும் இல்லை.

ஆறு வாரம் கழித்து அதே வங்கிக்கு, அதே அதிகாரியிடம் போனோம். ஏழு ஸ்லைட்டுகள். முதல் தொகுப்பில் இருந்த தவறு எது, அது எப்படி நேர்ந்தது என்பதை அக்கா முதலிலேயே தன் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி தராசுப் படத்தை அருகில் வந்து பார்த்தார்.

கடைசி ஸ்லைட் பற்றி ஒரு சிறு விஷயம். இந்தக் கருவிகள் எதைக் கேட்டாலும் கடைசியில் ‘நன்றி’ என்று பெரிதாக ஒரு ஸ்லைட் வைத்துவிடுகின்றன. கேள்வி கேட்கும் நேரம் முழுவதும் சுவரில் தங்கி நிற்பது கடைசி ஸ்லைட் என்பதால், அந்த இடத்தை வீணாக்க எனக்கு மனமில்லை. நன்றியை அக்கா வாயால் சொல்லட்டும் என்று, அங்கே பன்னிரண்டு மாதத் தவணை அட்டவணையை வைத்தோம்: மாதம், கொழுந்து, தூள், வருமானம், செலவு, தவணை, மீதி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கொழுந்து குறைவதும் விலை ஏறுவதும் அதில் தெரியும். நவம்பர் வரியில் மீதி மிகச் சிறியது.

அதிகாரி இருபத்தைந்து நிமிடம் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டே பேசினார். நவம்பரில் விரலை வைத்து, ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார். மழையில் கொழுந்து ஈரமாக வரும், வாடுவதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், விறகும் நனைந்திருக்கும், அந்த மாதம் கையில் நிற்பது அவ்வளவுதான் சேர் என்று அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.